பல்கலைக்கழக முதலாண்டு: நுழைவு நிபந்தனைகளும் நம் கடமையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடையில் பல்கலைக்கழக நுழைவைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தானா என்று சிலர் எண்ணக்கூடும். தேர்வு நெருங்கும் வேளையில் பிள்ளையின் பேனாவையும் தேர்வு நுழைவுச் சீட்டையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து இந்தச் சன்னிதியில் கண்ணீர் மல்க நிற்கும் தாய்மார்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த வேண்டுதலுக்குத் துணையாக, பிள்ளைகள் நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகள் எவை என்ற விவரமும் நம்மிடம் இருக்க வேண்டும். ஆகவே இந்தப் பொருளைப் பேசுவதற்கு ஆலயம் ஏற்ற இடமே என்பது என் கருத்து.

"நல்ல தேர்ச்சி பெற்றும் என் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை" என்ற வருத்தத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, போட்டி மிகுதி. இடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். மற்றொன்று, ஏதோ ஒரு நிபந்தனை நிறைவேறாமை. முதற் காரணத்தை நாம் முழுமையாக மாற்றிவிட இயலாது. இரண்டாவதை முன்கூட்டியே தடுத்துவிடலாம். தடுக்கக்கூடியதை அறியாமையால் இழப்பதுதான் பெரிய இழப்பு.

நம் நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றில் பட்டப்படிப்பின் முதலாண்டில் சேர விழைவோர் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது பொது நிபந்தனை. இது எல்லாப் படிப்புகளுக்கும் உரியது. இரண்டாவது சிறப்பு நிபந்தனை. இது படிப்புக்குப் படிப்பு மாறும். மூன்றாவது தகுதிப் புள்ளி. முதல் இரண்டையும் நிறைவு செய்தவர்களுக்குள் யாருக்கு இடம் என்பதை இது முடிவு செய்கிறது. நிபந்தனைகளை நிறைவு செய்தவர் விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர் மட்டுமே. இடம் பெற்றவர் ஆகார். இந்த வேறுபாட்டைப் பெற்றோர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

பொது நிபந்தனையில் முதலில் நிற்பது மலேசியக் குடியுரிமை. இதில் என்ன சிக்கல் என்று பலர் நினைக்கலாம். தந்தை மலேசியராகவும் தாய் வெளிநாட்டவராகவும் இருந்து, பிள்ளை பிறக்குமுன் திருமணம் பதிவு செய்யப்படவில்லை எனில், அந்தப் பிள்ளை இம்மண்ணில் பிறந்திருந்தாலும் தந்தையின் குடியுரிமை அதற்குத் தானாகக் கிட்டுவதில்லை. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் கடந்தும், ஆலயத்தில் தாலி கட்டியதே போதும் என்று பதிவைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அந்த ஒத்திவைப்பின் விலையைப் பின்னாளில் ஒரு மாணவனோ மாணவியோ செலுத்த நேரிடுகிறது. ஆவணச் சிக்கல் உள்ள குடும்பங்கள் பிள்ளை ஆறாம் படிவத்திற்குப் போகும்வரை காத்திருக்கலாகாது. இத்தகைய விண்ணப்பங்களுக்கு முடிவு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். இன்றே தேசியப் பதிவிலாகாவை நாடுங்கள்.

அடுத்தது மலாய்மொழி. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட், அதாவது சி தரமோ அதற்கு மேலோ பெற்றிருத்தல் வேண்டும். வெறும் தேர்ச்சி போதாது. வரலாற்றுப் பாடத்திலும் கவனம் வேண்டும். 2013 முதல் அதில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைப்பதில்லை. மலாய்மொழி இந்த இடத்தைப் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் தொடங்கிய பயிற்றுமொழி மாற்றம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1982-இல் ஆறாம் படிவத்தையும் 1983-இல் பல்கலைக்கழக முதலாண்டையும் எட்டியது. ஆகவே மலாய்மொழி என்பது பத்துப் பாடங்களுள் ஒன்று என்று மட்டும் கருதத்தக்கதன்று. உயர்கல்வியின் வாயிற்படியே அதுதான்.

அறிவியலுக்கும் கணிதத்திற்கும் டியூஷன் தேடும் பெற்றோர், மலாய்மொழிக் கட்டுரைக்குப் பயிற்சி தேடுவது குறைவு. தமிழ்ப்பள்ளியில் படித்ததால் மலாய்மொழி வராது என்றும் சிலர் கூறுகின்றனர். நானும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன். அரசாங்க அலுவலில் நாள்தோறும் மலாய்மொழியிலேயே எழுதுகிறேன். என் தமிழுக்கு அதனால் குறைவு நேரவில்லை. ஒரு மொழியில் ஒழுங்காக எழுதக் கற்ற பிள்ளை மற்றொரு மொழியிலும் எழுதும். வேண்டுவது பயிற்சி ஒன்றே. மலாய்மொழியில் கிரெடிட் தவறியவரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. மறுதேர்வு எழுத வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பு இருப்பதே தெரியாமல் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றுவிடுவதுதான் வருந்தத்தக்கது.

இனி, எஸ்.பி.எம்.முக்குப் பிந்திய பாதைகளைக் காண்போம். எஸ்.பி.எம். தேர்ச்சியுடன் பட்டப்படிப்பின் முதலாண்டில் நேரே சேர இயலாது. ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதலாம்; மெட்ரிகுலேஷன் பயிலலாம்; பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடிப்படைக் கல்வியில் சேரலாம்; டிப்ளோமா முடித்தும் செல்லலாம்.

எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கான பொது நிபந்தனை, ஒட்டுமொத்தத் தரப்புள்ளி 2.00-க்குக் குறையாமலும், பொதுப்பாடத்திலும் வேறு இரு பாடங்களிலும் சி தரத்திற்குக் குறையாமலும் இருப்பதாகும். மெட்ரிகுலேஷன் மாணவர்களுக்கும் 2.00 என்பதே குறைந்த அளவு. இவற்றோடு முவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். எத்தனையாவது பேண்ட் வேண்டும் என்பது படிப்பைப் பொறுத்தது. தாம் விரும்பும் படிப்பு எந்த பேண்டைக் கேட்கிறது என்பதை அறிந்த பின்னரே மாணவர்கள் அத்தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டும்.

மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. தொடக்கத்தில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த அத்திட்டத்தில், 2003-இல் 10 விழுக்காட்டு இடங்கள் மற்றவர்களுக்குத் திறக்கப்பட்டன. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் இடம் வழங்கப்படும் என 2024-இல் பிரதமர் அறிவித்தார். இவ்வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அதே வேளையில் ஆறாம் படிவத்தைத் தாழ்வாக எண்ணலாகாது. மூன்று பருவங்களாக, ஒன்றரை ஆண்டில் முடியும் எஸ்.டி.பி.எம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்ளும் தேர்வாகும். அதனை அரசாங்கப் பள்ளியிலேயே, குறைந்த செலவில் பயிலலாம்.

அடுத்தது சிறப்பு நிபந்தனை. நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றனர். மருத்துவம் பயில விரும்புவோர் உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களில் எஸ்.பி.எம்.மிலிருந்தே நல்ல தரம் பெற்றிருக்க வேண்டும். பொறியியலுக்குக் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதவை. நான்காம் படிவத்தில் அப்பாடங்களை எடுக்காத பிள்ளை, பிறகு எத்தனை ஏ பெற்றாலும் அப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்க இயலாமற்போகும். தோழர்கள் எடுக்கும் பாடத்தை எடுப்பதும், எளிதென்று யாரோ சொன்ன பாடத்தை எடுப்பதும் பதினாறு வயதில் சிறிய செயலாகத் தோன்றும். பத்தொன்பது வயதில்தான் அதன் விளைவு தெரியவரும். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முதற்பக்கம் உண்மையில் நான்காம் படிவத்துப் பாடத்தேர்விலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. மருத்துவத்திற்கும் ஆசிரியர் கல்விக்கும் விண்ணப்பிப்போர் அதற்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

மூன்றாவது தகுதிப் புள்ளி. 2002-இல் இன அடிப்படையிலான ஒதுக்கீட்டு முறைக்கு மாற்றாகத் தகுதி அடிப்படையிலான முறை அறிமுகம் கண்டது. மொத்தம் 100 புள்ளிகளுள் கல்வித் தேர்ச்சிக்கு 90. புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10. இந்தப் பத்துப் புள்ளிதானே என்று அலட்சியம் செய்வோருக்கு ஒரு கணக்கைக் காட்ட விரும்புகிறேன்.

எஸ்.டி.பி.எம்.மில் நான்கு பாடங்களிலும் ஏ-மைனஸ் பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் தரப்புள்ளி 3.67. அதனை நான்கால் வகுத்து 90-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 82.58 வரும். முதலாமவர் புறப்பாடத்தில் 9.5 பெற்றால் அவருடைய மொத்தம் 92.08. இரண்டாமவர் 6 மட்டும் பெற்றால் 88.58. இந்த இடைவெளியைத் தேர்ச்சியால் மட்டும் நிரப்ப வேண்டுமெனில், இரண்டாமவர் இரு பாடங்களை ஏ-மைனஸிலிருந்து ஏ-க்கு உயர்த்தியிருக்க வேண்டும். ஒரு பாடத்தை உயர்த்தினால் போதாது. சீருடை இயக்கத்திற்கும் விளையாட்டுக்கும் போனால் படிப்பு கெடும் என்று பிள்ளையைத் தடுக்கும் தாய் தந்தையர் இக்கணக்கை ஒருமுறை வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். சான்றிதழ்களையும் பத்திரப்படுத்துங்கள்.

இம்முறையில் குறை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே பலர் கூறுவர். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்னும் வெவ்வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒரே தராசில் நிறுப்பது சரியா என்ற வினா நெடுநாளாக எழுந்துவருகிறது. அது நியாயமான வினா. அதனை உரிய இடத்தில், உரிய முறையில் எழுப்புவதற்குத் தலைவர்களும் இயக்கங்களும் இருக்கின்றனர். ஆயினும் இவ்வாண்டு விண்ணப்பிக்கும் பிள்ளை, இவ்வாண்டு நடப்பிலுள்ள விதியின்படிதான் மதிப்பிடப்படும். விதி மாறும் என்று காத்திருந்து பிள்ளையின் காலத்தை இழக்க முடியாது.

விண்ணப்பம் பற்றியும் ஒரு சொல். யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கும்போது படிப்புகளை வரிசைப்படுத்தித் தேர்வு செய்ய வேண்டும். பட்டியல் முழுவதையும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்றே நிரப்பிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் கலங்குவது முறையன்று. உயர்ந்த விருப்பம், எட்டக்கூடிய விருப்பம், உறுதியான விருப்பம் என மூன்று வகையும் இருக்கட்டும். இடம் கிடைத்தால் குறித்த நாளுக்குள் ஏற்பைத் தெரிவிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கான நாளைத் தவறவிடலாகாது. நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தம் காண்பதால், அண்டை வீட்டு அண்ணன் சேர்ந்த ஆண்டின் விவரத்தை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் அதிகாரபூர்வக் குறிப்பையே படித்தல் நன்று.

தமிழை முதன்மையாகக் கற்க விரும்புவோருக்கும் கதவுகள் திறந்தே இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கப்பெற்றது. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தஞ்சோங் மாலிமில் தோன்றி 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்விப் பட்டம் உண்டு. எஸ்.டி.பி.எம்.மிலும் தமிழ் ஒரு பாடம். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வகுப்புகளை நிலைநிறுத்துவது கடினமாகும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிறைவாக நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் நடைபெறும் சமய வகுப்பு முடிந்த பின், மண்டபத்தின் ஓர் ஓரத்தில் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போட இடந்தர வேண்டுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், இவ்வட்டாரத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவர் ஒருவரும் அங்கே அமர்ந்தால் போதும். நான்காம் படிவப் பாடத்தேர்வின்போது ஒருமுறை, எஸ்.பி.எம். முடிவு வந்தவுடன் ஒருமுறை, எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகளை ஒட்டி ஒருமுறை எனக் குடும்பங்கள் வந்து விவரம் கேட்டுச் செல்லட்டும். திருமணப் பதிவுக்கும் ஆவணங்களுக்கும் அதே மேசையில் வழிகாட்டலாம். இதற்கு நன்கொடைப் புத்தகம் அச்சிட வேண்டியதில்லை. நேரம் தரும் நான்கு நல்லுள்ளங்கள் முன்வந்தால் போதும். என் பங்குக்கு நானும் வரக் காத்திருக்கிறேன்.

அன்னதான வரிசையில் எவரும் பசியோடு திரும்பலாகாது என்று இவ்வாலயம் கண்ணுங்கருத்துமாக இருப்பதை நான் அறிவேன். தகுதியுள்ள ஒரு பிள்ளை விவரம் அறியாமையால் வீட்டில் தங்கிவிடலாகாது என்பதிலும் அதே கவனம் இருக்குமாயின், நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பட்டமளிப்பு உடையோடு இச்சன்னிதிக்கு வந்து நிற்கும் நாளை நாம் காணலாம். அதற்கு அம்பாள் திருவருள் புரிவாளாக.