பாத வெடிப்பு

குதிகாலில் தோல் தடித்து, வறண்டு, கோடு கோடாகப் பிளப்பதைத் தமிழ்நாட்டில் பித்தவெடிப்பு என்று வழங்குகிறோம். பெயரைக் கேட்டவுடன், உடம்பில் பித்தம் மிகுந்துவிட்டது போலும் என்று எண்ணிப் பலர் உள்ளுக்குச் சாப்பிட மருந்து தேடுகின்றனர். நம் பழைய வைத்திய நூல்களிலும் எல்லாம் பித்தத்தின் மேல் பழி சுமத்துவன அல்ல. சுசுருத சம்ஹிதையில் இதற்குப் பாததாரி என்று பெயர். மிகுதியாக நடப்பவர்களுடைய வறண்ட பாதங்களில் வாதம் மேலிட்டு, வலியோடு கூடிய பிளவுகளை உண்டாக்கும் என்பது அந்நூலின் கொள்கை. வாதம் என்பதைப் பற்றி எவர் எப்படிக் கருதினாலும், நடையையும் வறட்சியையும் காரணமாகக் கண்டார்களே, அது இன்றும் ஒப்புக்கொள்ளத் தக்கது.

உடம்பின் பெரும்பகுதியில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை அறவே இல்லை. வியர்வைச் சுரப்பிகளோ அங்கே ஏராளம். ஆகவே உள்ளங்காலுக்குக் கிடைக்கும் ஈரம், உள்ளிருந்து கசியும் நீரும் வியர்வையுமேயாகும். நாம் நிற்கும்போது குதிகாலின் அடியில் உள்ள கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகிறது. தோலில் ஈரம் இருந்தால் அதுவும் கூடவே வளைந்துகொடுக்கும். வறண்டு தடித்த தோல் வளையாது. ஏரி வற்றியபின் வண்டல் வெடிப்பது போல விளிம்பில் வெடித்துவிடும். வெறுங்காலுடன் வயலிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவர்கள், கல்தரையிலும் சிமெண்டுத் தரையிலும் நெடுநேரம் நிற்பவர்கள், சோப்பு நீரில் கால் நனைய வேலை செய்பவர்கள், உடல் பருத்தவர்கள் ஆகியோருக்கு இது மிகுதி. கங்கைச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களின் வறண்ட குளிரில் இது வீட்டுக்கு வீடு காணப்படுவது.

வறட்சி என்றவுடன் எண்ணெய் தடவினால் போதும் என்று தோன்றும். 1952-ஆம் ஆண்டில் இர்வின் பிளாங்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், உள்ளங்காலின் காய்த்த தோல் துண்டுகளை வைத்து இதை ஆராய்ந்தார். எண்ணெயில் ஊறிய துண்டு விறைப்பாகவே இருந்தது. நீரை ஏற்ற துண்டுதான் இளகியது. தோலை மென்மையாக்குவது நீர். அந்த நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது எண்ணெய். இந்த வரிசையை மாற்றிச் செய்வதனாலேயே பலர் மாதக்கணக்கில் எண்ணெய் பூசியும் பயன் காண்பதில்லை.

செய்யவேண்டியது எளிது. இரவில் படுக்கப்போகும் முன் சாதாரணத் தண்ணீரில் 15 அல்லது 20 நிமிஷம் பாதங்களை ஊற வையுங்கள். பிறகு சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்துத் தடித்த தோலைக் குறையுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயல வேண்டாம். காலை முற்றும் துடைத்து உலர்த்தாமல், ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ, விளக்கெண்ணெயோ, வாஸ்லின் எனப்படும் களிம்போ தடவுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் தடவாமல் அவற்றை நன்றாக உலர்த்திவிடுங்கள். அங்கே ஈரம் தங்கினால் காளான் பற்றும். பூசியபின் பருத்தி உறை அணிந்துகொள்வது நலம். தோல் மிகவும் தடித்திருந்தால் மருந்துக்கடைகளில் 10 முதல் 25 சதவீதம் வரை யூரியா கலந்த களிம்புகள் கிடைக்கும். யூரியா என்றதும் வயலுக்கு இடும் உரத்தைக் குழைத்துப் பூசிவிட வேண்டாம்! பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வெடிப்பு மூடிவிடும். மூடியபின்னும் தடவுவதை நிறுத்தினால் மறுபடியும் வரும்.

பிளேடால் சீவுவது தீங்கானது. மெழுகுவத்தியை எண்ணெயில் உருக்கிப் பிளவுகளில் வார்க்கும் வழக்கம் வடக்கே உண்டு. ஆறியபின் பூசினால் அது ஈரத்தை அடைத்துக் காக்கும் என்பதில் ஐயமில்லை. சூட்டோடு வார்ப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன். ஒரு காலில் மட்டும் மாவு படிந்தாற்போல் செதில் உதிர்வதும், அரிப்பும், விரல் இடுக்கில் வெளுப்பும் இருந்தால் அது காளான் நோயாக இருக்கலாம். உள்ளங்கையும் சேர்ந்து வெடித்தால் சோரியாசிஸ், கரப்பான் போன்றவற்றை மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும். இவற்றுக்கு எண்ணெய் மட்டும் போதாது.

இதுவரை சொன்னது வலிக்கின்ற வெடிப்பைப் பற்றியது. ஹிந்தியில் இந்த வெடிப்புக்குப் பிவாயி என்று பெயர். பிவாயி வாராத காலை உடையவன் பிறர் வேதனையை அறியான் என்ற கருத்துள்ள பழமொழி ஒன்று அங்கே வழங்குகிறது. ஆனால், பிவாயி வந்தும் வேதனையை அறியாத கால்கள் இந்நாட்டில் லட்சக்கணக்கில் உள்ளன. தொழுநோயாலும் நீரிழிவாலும் நரம்பு கெட்டவர்களுடைய கால்கள் அவை. தொடு உணர்ச்சியைத் தாங்கும் நரம்புகளோடு, வியர்வையைத் தூண்டும் நரம்புகளும் கெடுகின்றன. வியர்வை நின்றபின் பாதம் வறள்கிறது, வெடிக்கிறது. வலியில்லாததால் அவர் அதன்மேலேயே நடக்கிறார். மண்ணும் கிருமியும் பிளவின் வழியே புகுந்து, புண் எலும்பு வரை சென்று, காலையே எடுக்கும்படி நேர்வதுண்டு.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தேய்ந்து சிதைவதற்கு, வலியற்றுப் போனதனால் ஓயாமல் படும் காயங்களே பெரிதும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். சதை தானாக அழுகி விழுகிறது என்ற நம்பிக்கை அதனால் தகர்ந்தது. நோயைக் கூட்டு மருந்துகள் குணப்படுத்திவிடும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே நம் நாட்டுத் தொழுநோய்ப் பணியாளர்கள் இன்றும் கற்பிக்கும் பாடம், ஊறவை, தேய், எண்ணெய் பூசு என்பதே. நீரிழிவாளர் மட்டும் பாதங்களை நெடுநேரம் ஊற வைக்காமல், கழுவி எண்ணெய் பூசிக்கொள்வது நலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாக உங்கள் விரலால் இலேசாகத் தொடுங்கள். அழுத்தவும் தட்டவும் வேண்டாம். தொட்டபோதெல்லாம் அவர் சொல்லவேண்டும். இரண்டு விரல்களிலோ, அதற்கு மேலோ தொட்டது தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அத்தகைய கால்களுக்கு வெந்நீர் கூடாது. தண்ணீரின் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்தே கால் வைக்க வேண்டும். கல்லை மிக மென்மையாகவே தேய்க்க வேண்டும். ஆணிக்கால் மருந்தாக விற்கும் அமிலப் பிளாஸ்திரிகளை ஒட்டவே கூடாது. பிளவில் சிவப்பு, வீக்கம், நீர், நாற்றம் இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை பொறுக்காதீர்கள். உள்ளங்காலை நாள்தோறும் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வது நன்று; குனிய இயலாத முதியவர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

செருப்பைப் பற்றி ஒரு சொல். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, உள்ளே மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரும் அடியில் கெட்டியான ரப்பரும் வைத்துத் தைத்த வார்ச்செருப்பு ஏற்றது. தொழுநோய் உள்ளவர்களுக்கு அரசாங்கத் திட்டத்தின் கீழ் இது வழங்கப்படுகிறது. குதிகாலைச் சுற்றி வார் இருக்கட்டும். ஆணி அடித்த செருப்பு வேண்டாம். கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பார்த்து வாங்குங்கள். போடுமுன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டு, கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.