அடைமழையிலும் கீரை



ஐப்பசி, கார்த்திகையில் கீரை விலை ஏறுகிறது. அந்த நேரத்தில்தான் நம் பாத்தியில் கீரை இருப்பதில்லை. விதைத்த மூன்றாம் நாள் கனமழை பெய்தால் விதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தப்பி முளைப்பதும் நாற்றழுகலில் சாய்கிறது. இதைத் தவிர்க்க, நாமே அமைக்கக்கூடிய தாழ்வான கூடாரம் ஒன்று உண்டு.

குளிர்நாடுகளில் முன்கூட்டியே கீரை எடுக்க, பாத்தியைச் சுற்றி மரச்சட்டம் வைத்துக் கண்ணாடியால் மூடுவார்கள். அங்கே வெப்பம் தேவை. நமக்கு வெப்பத்திற்குக் குறைவில்லை. மழைத்துளியின் அடியைத் தடுத்தால் போதும். ஆகவே மேற்புறம் மட்டும் மூடவேண்டும். பக்கங்களையும் மூடினால் புழுக்கத்தில் அழுகல் நோய் கூடும்.

பாத்தி 3 அடி அகலம் இருக்கட்டும். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிப்பாசனக் களிமண்ணில் அரையடி உயர்த்தி, சுற்றிலும் வடிகால் எடுக்கவேண்டும். கடலோர மணலில் நீர் தானே வடியும். அங்கு மக்கிய தொழுவுரத்தைக் கூடுதலாக இடவேண்டும். 8 அடி நீள மூங்கில் பிளாச்சுகளை 3 அடிக்கு ஒன்றாக வளைத்து, இரு முனைகளையும் ஓரடி ஆழம் ஊன்றுங்கள். நடுவே சுமார் 2 அடி உயரம் கிடைக்கும். அதன்மேல் 4 அடி அகல வெள்ளை பாலித்தீன் தாளை விரித்துக் கயிற்றால் கட்டினால், இருபுறமும் காற்றோட்டத்திற்கு ஓரடி இடைவெளி இருக்கும்.

செண்டுக்கு 10 கிராம் முளைக்கீரை அல்லது அரைக்கீரை விதை போதும். பத்துப் பங்கு மணலுடன் கலந்து தூவி, பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். வெயில் அடிக்கும் நாளில் தாளைச் சுருட்டி வையுங்கள். இல்லாவிட்டால் செடி வெளுத்து நெட்டையாகும். புழு தென்பட்டால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். சில நாளில் பறித்து உண்ணும் கீரைக்கு நச்சு மருந்து வேண்டாம்.

மாமல்லபுரம் கரையில் இருப்போர் ஒன்றை மறக்கக்கூடாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. புயல் எச்சரிக்கை கேட்டவுடன் தாளை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பறிக்கும் பருவக் கீரையை அன்றே பறித்துவிடுங்கள். மூங்கில் வளைவு நிற்கும். காற்றில் போன தாள் திரும்பி வராது.

முளைக்கீரையை 25 நாளில் வேரோடு பறிக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.3 இரகத்தை 20ஆம் நாள் தொடங்கி, பத்து முறை வரை கிள்ளி எடுக்கலாம்.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பாத்திக்குக் கூடாரம் போடுங்கள். பக்கத்திலேயே மற்றொரு பாத்தியைத் திறந்தவெளியில் விதையுங்கள். எதில் கீரை மிஞ்சுகிறது என்று பார்த்து, அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டலாம்.