‘லாக் அவுட்’ செய்யாமல் எழுந்திருக்காதீங்க!



வருமானச் சான்றிதழுக்காக பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து விண்ணப்பிக்கிறோம். வேலை முடிஞ்சதும் பக்கத்தை மூடிட்டு வந்துடுறோம். அடுத்து உட்காருபவர் அதே தளத்தைத் திறந்தால், உங்க பெயரிலேயே திறக்கலாம். ஏன்?

இணையதளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் அதற்குப் புது ஆள்தான். அதனால் கடவுச்சொல் அல்லது ஓ.டி.பி. கொடுத்து நுழைந்ததும், சர்வர் ஒரு அடையாளக் குறியீட்டை பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அதுதான் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கிய ஏற்பாடு.

கோயில் வாசல்ல செருப்பு விடும் டோக்கன் மாதிரிதான். டோக்கனைக் காட்டுபவர் கைக்கே செருப்பு போகும். ஆள் யாருன்னு பார்க்க மாட்டாங்க. குக்கீயும் அப்படியே.

சில குக்கீகள் பிரவுசரை முழுசா மூடினால் போய்விடும். சிலவற்றுக்குக் காலாவதி தேதி உண்டு; அதுவரை இருக்கும். பக்கத்தை மட்டும் மூடினால் எதுவும் போகாது.

மூணு பழக்கம் போதும்.

ஒன்று, பொதுக் கணினியில் ‘இன்காக்னிட்டோ’ விண்டோவைப் பயன்படுத்துங்க. அதை முழுசா மூடினால் குக்கீகளும் அழியும்.

இரண்டு, வேலை முடிந்ததும் ‘லாக் அவுட்’ கொடுங்க. டோக்கனைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அது.

மூன்று, சாதாரண விண்டோ என்றால் குக்கீகளை நீக்குங்க. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, ‘டெலிட் பிரவுசிங் டேட்டா’வில் குக்கீகளைத் தேர்ந்தெடுங்க. செல்போனிலும் இதே வழிதான். மற்ற தளங்களிலும் திரும்ப லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சேமித்த கடவுச்சொல் தனி. அதைத் தனியாக நீக்கணும்.

சான்றிதழ் உங்களுடையது. டோக்கனை அடுத்தவர் கையில் விட்டுட்டு வராதீங்க.