விங்கர் ராய் பிரான்சிஸ்



1968 மே 11. லண்டன் வெம்ப்ளி மைதானம். ரக்பி லீக் ஆட்டத்தின் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டி. 87,000 பேர் கூடியிருக்கிறார்கள். கொட்டித் தீர்த்த மழையில் தரையெல்லாம் தண்ணீர். லீட்ஸ் அணி 11 புள்ளி, வேக்ஃபீல்ட் டிரினிட்டி 10. ஆட்டம் முடியும் தறுவாயில் வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ் ஓர் உதை உதைக்க வேண்டும். கம்பங்களுக்கு நேர் எதிரே, கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் உள்ளே போகிற இடம். போனால் இரண்டு புள்ளி, கோப்பை கையில். பந்து ஒதுங்கிப் போய்விட்டது.

இங்கிலாந்தின் வடபகுதியில் அந்த உதையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். தவறவிட்டவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஜெயித்த லீட்ஸ் அணியின் பயிற்சியாளர் யார் என்று கேட்டால்தான் பலர் யோசிப்பார்கள். அவர் பெயர் ராய் பிரான்சிஸ்.

அவர் கதைக்குள் போகுமுன் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ரக்பியில் இரண்டு வகை உண்டு. பதினைந்து பேர் ஆடுவது யூனியன், பதின்மூன்று பேர் ஆடுவது லீக். பிரிந்ததற்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற தகராறில்தான் 1895இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகர ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடபகுதி அணிகள் தனியே பிரிந்தன. பணம் வாங்கி லீக் ஆடியவருக்கு யூனியன் மைதானத்தில் ஆயுள் முழுக்க இடமில்லை என்று எதிர்த்தரப்பும் கதவைச் சாத்திக்கொண்டது. நல்லவேளை, ஆட்டக்காரர்களின் வயிறு பணம் வாங்காத அந்தக் கௌரவத்தை மதிக்கவில்லை.

ராய் பிரான்சிஸ் 1919இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் பிறந்தவர். பிரின்மவர் என்ற சுரங்கப் பகுதி ஊரில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். கறுப்பினத்தவர். பதினேழு வயதில் விகன் அணி அவரை வாங்கியது. மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் பறக்கிற விங்கர் அவர். ஆனால் விகனுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புதிய மேலாளருக்கு அவர் வேண்டாதவராகிவிட்டார். 1939இல் பாரோ அணிக்கு விற்றுவிட்டார்கள்.

பிறகு போர். ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக சார்ஜென்ட் வரை உயர்ந்தார். மனித உடம்பு எப்படி ஓடுகிறது, எங்கே தளர்கிறது என்பதைக் கவனித்துப் பார்ப்பதே அங்கே அன்றாட வேலை.

1946இல் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. பிரான்சிஸ் நல்ல ஆட்டத்தில் இருந்த காலம். பட்டியலில் அவர் பெயர் இல்லை. வெள்ளையருக்கு மட்டுமே என்ற கொள்கை ஆஸ்திரேலியாவில் கோலோச்சிய நாட்கள் அவை. அங்கே சங்கடம் வரும் என்றுதான் தேர்வாளர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்கிறார்கள் இந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள். அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆட அழைத்தார்கள். பிரிட்டனுக்கு ரக்பி லீக் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். அன்று எதிராளியின் கோட்டைத் தாண்டி இரண்டு முறை பந்தைத் தரையில் வைத்தார். அந்த ஆட்டத்தில் அதற்கு ட்ரை என்று பெயர். இரண்டு ட்ரை போட்டவரை மறுபடியும் கூப்பிட வேண்டுமா இல்லையா? கூப்பிடவில்லை. மொத்த வாழ்க்கையில் 356 ஆட்டம், 229 ட்ரை. பிரிட்டனுக்காக ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று.

வாரிங்டன் வழியாக 1949இல் ஹல் அணிக்கு வந்தார். கொஞ்ச நாளில் அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரிடமே வந்தது. பிரிட்டனில் தொழில்முறை அணி ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் பயிற்சியாளரானது அதுவே முதல் தடவை.

அந்தக் காலத்துப் பயிற்சி எப்படி இருந்தது தெரியுமா? வாரத்தில் இரண்டு சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி ஓடு, ஆட்டத்தன்று இடைவேளையில் திட்டு வாங்கு, அவ்வளவுதான். பிரான்சிஸ் வேறு வழியில் போனார். ஆட்டத்தைப் படம் பிடித்து வைத்து, போட்டுப் பார்த்து, தப்பு எங்கே நேர்ந்தது என்று காட்டினார். ஆட்டக்காரரின் மனநிலையைக் கவனித்தார். யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும், யாரைக் கடிந்துகொள்ள வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்தார். மனைவிமாரும் மைதானத்துக்கு வந்து போக வசதி செய்துகொடுத்தார். ஆட்டக்காரன் வீட்டில் நிம்மதி இல்லையென்றால் களத்தில் அவன் கால் நகராது என்பது அவர் கணக்கு. இதெல்லாம் 1950களில்! அப்போது பெரிய கால்பந்து அணிகளிலேயே இதையெல்லாம் யோசித்தவர்கள் சொற்பம்.

பலன் வந்தது. 1956இல் ஹாலிஃபாக்ஸை 10-9 என்ற கணக்கில் மயிரிழையில் தோற்கடித்து ஹல் சாம்பியன் ஆனது. 1958இல் மறுபடியும். 1959, 1960 இரண்டு ஆண்டும் சேலஞ்ச் கோப்பை இறுதிக்கு வெம்ப்ளி போய்த் தோற்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரான்சிஸ் பயிற்சியாளராக இருந்தபோதே, 1961இல் கார்டிஃபிலிருந்து கிளைவ் சல்லிவன் என்ற கறுப்பின இளைஞர் ஹல் அணியில் சேர்ந்தார். 1972இல் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றவர் அவர். ஹல் நகருக்குள் நுழையும் பெருஞ்சாலை ஒன்றுக்கு இன்று அவர் பெயர்.

1963இல் பிரான்சிஸ் லீட்ஸுக்குப் போனார். ஓடத் தெரிந்த இளைஞர்களைச் சேர்த்து, பந்தை விரித்து ஆடச் சொல்லிக்கொடுத்தார். 1968 வெம்ப்ளி வெற்றியில் நான்கு உதைகளால் எட்டுப் புள்ளி சேர்த்தவர் பெவ் ரிஸ்மன். பிரான்சிஸை விட்டுவிட்டு 1946இல் ஆஸ்திரேலியா போன அணியின் கேப்டன் கஸ் ரிஸ்மனின் மகன் இவர்.

அதே ஆஸ்திரேலியா பின்னர் பிரான்சிஸைக் கூப்பிட்டது. 1969இல் நார்த் சிட்னி அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். இரண்டு சீசன்; வெற்றியும் அதிகமில்லை, நிறத்தின் பேரில் கேட்ட பேச்சு மட்டும் மிச்சம். திரும்பி வந்து 1975இல் லீட்ஸுக்கு இன்னொரு கோப்பை, பிரீமியர்ஷிப், வாங்கிக்கொடுத்தார்.

பிரான்சிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அவர் வெள்ளையராகப் பிறந்திருந்தாலும் பயிற்சியாளர் வேலையை மாற்றி எழுதிய முதல் வரிசையில்தான் வைக்க வேண்டும். அப்படிப் பிறந்திருந்தால் பெயர் முன்பே பரவியிருக்கும் என்பது வேறு விஷயம்.

1989இல் அவர் காலமானார். வளர்ந்த ஊரான பிரின்மவரில் அவருக்குச் சிலை திறந்தது 2023 அக்டோபரில், முப்பத்து நான்கு ஆண்டு கழித்து.