கமலவதியார் வேண்டிய நாழிகை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோச்செங்கட்சோழ நாயனாரின் பிறப்பை நாம் அறிவோம். ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்று சோதிடர் கூற, கமலவதியார் தம் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொன்னார். மகன் சிவந்த கண்களோடு பிறந்தான். தாய் உயிர் நீத்தார்.

நம்பிக்கையும் அவருடையது, முடிவும் அவருடையது. ஆயினும் நாம் சொல்லும் கதையில் சோதிடர் குரல் கேட்கிறது. மருத்துவச்சியின் குரல் கேட்பதில்லை.

அந்த நாழிகை இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை வழி நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8. மருத்துவத் தேவையால் ஆனவை அவற்றுள் உண்டு. நாள் பார்த்துக் குறித்தவையும் உண்டு. நாள் குறிக்கும்போது பிள்ளைத்தாய்ச்சியைக் கேட்டவர் யார்? மறுபுறம், 2018இல் திருப்பூரில் இயற்கைப் பிரசவத்தை நம்பி வீட்டிலேயே பெற்ற இளந்தாய் ஒருவர் குருதிப்போக்கால் மாண்டார்.

நம்பிக்கையைப் பழிப்பது என் நோக்கமன்று. திருச்சிராப்பள்ளியில் இறைவனே தாயாக வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்த கதையைப் போற்றுபவர்கள் நாம். தாயுமானவர் நாள் குறிக்கவில்லை, கட்டளையிடவில்லை, உடனிருந்தார். தாய் விரும்பும் ஒருவர் பேற்றின்போது உடனிருக்க வேண்டும் என்றே உலக நலவாழ்வு நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது.

நன்மை தீமைகளை அறிந்தபின் தேர்வதே உரிமை. அறியாமல் தேர்வது விதியிடம் ஒப்படைப்பது. கவிஞர்களே, தாயின் தியாகத்தை நிறையப் பாடிவிட்டோம். இனி அவள் விருப்பத்தையும் பாடுவோம்.