பெட்டிக்குப் பணம் கொடுத்தவர் யார்?

2012ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நள்ளிரவோடு, டில்லி, மும்பை நகரங்களில் கேபிள் வழி வந்த அனலாக் தொலைக்காட்சியை நிறுத்த வேண்டுமென்று அரசு ஆணையிட்டது. கேபிளை நம்பியிருந்த நம்மவர், தமிழ்ச் செய்தியைத் தொடர்ந்து காண வேண்டுமாயின், செட்-டாப் பாக்ஸ் ஒன்றைக் கைப்பணம் கொடுத்துப் பெற வேண்டியதாயிற்று.

இம்மாறுதலால் அரசுக்கும் ஆதாயம் உண்டு. சந்தாதாரர் தொகையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் ஒழிந்தால் வரி பெருகுமன்றோ? ஆயினும் பெட்டி வாங்குவோருக்கு மத்திய அரசு மானியம் ஏதும் தரவில்லை.

அமெரிக்க நாட்டில் நடந்தது வேறு. அங்கே ஆன்டெனா வழி ஒளிபரப்பே மாறியது. அதனால் காலியாகவிருந்த அலைவரிசைகளை 2008இல் ஏலமிட்டு, அரசு சுமார் 1,900 கோடி டாலர் ஈட்டியது. அவ்வருவாயை முன்னிட்டு, மாற்றுப் பெட்டி வாங்குவதற்கென விண்ணப்பித்த வீடுகளுக்கு 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை, வீட்டுக்கு இரண்டு வரை வழங்கியது. அதிலும் குறை இல்லாமலில்லை. சீட்டு 90 நாளில் காலாவதியாகிவிடும். 2009 ஜனவரியில் ஒதுக்கிய பணமே தீர்ந்து, கேட்டவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பிப்ரவரி 17இல் நிகழவிருந்த மாற்றத்தை ஜூன் 12க்குத் தள்ளிவைத்தார்கள். மேலும் 65 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

தடுமாறினாலும், ஆதாயம் பெற்றவரே செலவிலும் பங்கு கொண்டனர் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். நம் நாட்டிலோ பெட்டிக்கு இன்னொரு விலையும் இருந்தது. ஒரு கேபிள் நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் இணைப்பில் இயங்காது. டில்லியிலிருந்து நாகபுரிக்கு மாற்றலானவர், கட்டில் பீரோவுடன் அதையும் மூட்டை கட்டிச் சென்று பயனில்லை. பெரும்பாலும் அங்கே புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான்.