கசிவைக் கையால் தேடாதீர்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "உன் வெளிநாட்டு அனுபவத்தைப் பத்தி கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். பனி பார்த்த கதை, விசா வாங்கின கதை எல்லாம் உங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். நான் மெக்கானிக்கல்காரன். ஹைட்ராலிக் சிலிண்டர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. அதனால் ஒரே ஒரு ஹோஸைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில் இண்டியானா மாநிலம். அங்கே எல்கார்ட் என்று ஓர் ஊர். வீட்டையே வண்டியாக்கி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த டிரெய்லர்கள் செய்வதில் அந்த நாட்டுக்கே தலைநகரம் மாதிரி. சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ரோட்டில் போகும்போது வண்டி குறுகலாக இருக்க வேண்டும், நிறுத்தியதும் கூடம் விசாலமாக வேண்டும். அதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். மேசை டிராயரை இழுப்பதுபோல, ஒரு பக்கச் சுவரே சோபாவோடு வெளியே நீளும். ஸ்விட்சைத் தட்டினால் 12 வோல்ட் பாட்டரியில் ஒரு சின்ன மோட்டார் ஓடும், பம்ப் எண்ணெயைத் தள்ளும், சிலிண்டர் அறையைத் தள்ளும்.

சின்ன மோட்டார்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு அங்குல விட்டமுள்ள பிஸ்டன், எண்ணெய் அழுத்தம் 2,000 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 3.14 சதுர அங்குலம். விசை 6,280 பவுண்ட், ஏறத்தாழ 2.8 டன். பாஸ்கல் விதி, முதல் வருஷப் பாடம். இவ்வளவு விசையையும் சுமந்துகொண்டு போவது உங்கள் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாய்.

என் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். ஓய்வுபெற்ற விவசாயி. குளிர்காலம் வந்தால் இருவரும் இந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது தரையில் சிவப்பாகச் சொட்டு. (இந்த வண்டிகள் பலவற்றில் கார் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெய்தான் ஊற்றுவது. அதன் நிறம் சிவப்பு.) நான் போய்ப் பார்த்தபோது பெரியவர் வண்டிக்கடியில் படுத்திருக்கிறார். அம்மா உள்ளே ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருக்கிறார். இவர் ஹோஸ் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வருகிறார், எங்கே ஈரம் என்று பார்க்க.

"முதலில் கையை எடுங்கள்" என்றேன். நாற்பது வருஷமாக டிராக்டரில் இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன், சின்னச் சொட்டுக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று அவருக்குக் கோபம். நான் பதில் சொல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, நீளமான குச்சியின் நுனியில் கட்டினேன். அவரை வெளியே வரச்சொல்லி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஹோஸ் ஓரமாக அட்டையை நகர்த்தினேன். அம்மா ஸ்விட்சை ஒரு நொடி தட்டினார். அட்டையில் ஓரிடத்தில் ஊசி போட்டதுபோல ஓட்டை. அந்த எண்ணெய்க் கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. பெரியவர் அட்டையைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

தம்பி தங்கைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைக்க 100 பி.எஸ்.ஐ.யே போதும் என்று பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன. இங்கே இருப்பதோ அதைப்போல இருபது மடங்கு. விரலில் ஏறினால் முள் குத்தினதுபோலத்தான் இருக்கும், ரத்தம்கூட வராது. "ஒண்ணுமில்ல" என்று துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். உள்ளே எண்ணெய் தசைநார் வழியாகக் கைக்குள் பரவியிருக்கும். சில மணி நேரம் கழித்து வீங்கும், கறுக்கும். மாத்திரையும் டி.டி. ஊசியும் போதாது, அறுவை செய்து திறந்து கழுவ வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரும். ஆகவே குத்தின உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டரிடம், "அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. இது அமெரிக்க வண்டிக்கு மட்டும் உள்ள ஆபத்து இல்லை. நம்ம திருச்செங்கோடு போர்வெல் ரிக், டிப்பர் லாரி, ஜே.சி.பி. எல்லாவற்றிலும் இதே ஹோஸ்தான் ஓடுகிறது.

சரி, மாற்றின கதைக்கு வருகிறேன். எண்ணெய் சொட்டின இடம் ஒன்று, ஓட்டை இருந்த இடம் ஒன்று; நடுவே இரண்டடி தூரம். எண்ணெய் ஹோஸ் மேலேயே வழிந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஓட்டை, ஹோஸ் சட்டத்தின் இரும்பு விளிம்பைத் தாண்டும் இடத்தில். அங்கிருந்த கிளாம்ப் கழன்றுபோயிருந்தது. வண்டி ஓட ஓட ரப்பர் உரசித் தேய்ந்து, உள்ளே பின்னியிருக்கும் எஃகுக் கம்பி வெளியே வந்துவிட்டது. பனிக்காலத்தில் அங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் கம்பியைத் துருவாக்கிவிட்டது. வெறும் ஹோஸை மட்டும் மாற்றினால் புது ஹோஸும் அதே விளிம்பில் அதேபோல உரசும். என்னைக் கேட்டால், காரணத்தைப் பார்க்காமல் பாகத்தை மட்டும் மாற்றுவது ரிப்பேரே இல்லை. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது, கிளிப் போட்டு இறுக்குவது, இதெல்லாம் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோடு நிற்கட்டும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் பாதி வேலை. அறையை உள்ளே இழுக்கும் எண்ணெய் வேறு ஹோஸில் போவதால், வண்டிக்கடியில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு அறையை முழுதாக உள்ளே கொண்டுவந்தோம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தோம். வண்டியைத் தாங்கும் கால்களும் இதே எண்ணெயில்தான் நிற்கின்றன. ஆகவே சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தோம். பிறகு பாட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்னபடி வால்வைக் கையால் திறந்து மிச்ச அழுத்தத்தைத் தொட்டிக்குத் திருப்பினோம். அதற்குப் பிறகும் நட்டை மேலே துணி போட்டு அரைச் சுற்றுதான் தளர்த்தினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அங்கே டிராக்டர் பாகம் விற்கிற கடையிலேயே ஹோஸ் வெட்டி, முனை அழுத்தி, நிற்கும்போதே கொடுத்துவிடுவார்கள். பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் மரைதான் ஏமாற்றும். அமெரிக்க வண்டியில் பெரும்பாலும் ஜே.ஐ.சி. முனை, 37 பாகைக் கூம்பு. குளிர்சாதன வேலையில் வருகிற 45 பாகைக் கூம்பும் கால் அங்குலத்தில் அதே 7/16 அங்குலம், 20 மரை. இரண்டும் ஒன்றோடொன்று அழகாகத் திருகிக்கொள்ளும், ஆனால் கூம்பு சரியாக உட்காராது. நம் ஊரில் அதிகம் புழங்கும் பி.எஸ்.பி. கால் அங்குலத்துக்கு 19 மரை, அமெரிக்க என்.பி.டி.க்கு 18. இரண்டு சுற்றுப் போகும், அப்புறம் மரையைத் தின்னும். அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஹோஸ் மேல் அச்சிட்டிருப்பது வேலை அழுத்தம். வெடிக்கும் அழுத்தம் அதைப்போல நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த நான்கு மடங்கு நமக்குச் செலவழிக்கக் கொடுத்த காசு இல்லை.

மாட்டும்போது இரண்டு ஸ்பானர், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஹோஸ் மேல் நீளவாக்கில் ஒரு கோடு அச்சிட்டிருக்கும். அது பாம்புபோலச் சுற்றினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், அவிழ்த்து மறுபடி மாட்ட வேண்டும். அழுத்தம் ஏறினால் ஹோஸ் நீளம் கொஞ்சம் மாறும். ஆகவே இழுத்துக் கட்டாமல் சிறிது தளர்வு விட்டேன். பெரியவர் பழக்கதோஷத்தில் டெஃப்ளான் டேப்பை நீட்டினார். வேண்டாம் என்றேன். கூம்பு முனையில் அடைப்பது கூம்புதான், மரை இல்லை. டேப் துணுக்கு உள்ளே போனால் வால்வில் சிக்கும். உரசிய விளிம்பில் தடித்த ரப்பர் உறை போட்டு, புது கிளாம்ப் இரண்டு அடித்தோம்.

காற்று வெளியேற அறையை நான்கைந்து தடவை உள்ளே வெளியே ஓட்டி, எல்லாம் உள்ளே இருக்கும்போது தொட்டி மட்டம் பார்த்து எண்ணெய் ஊற்றினோம். வெளியே நீட்டிவைத்துக்கொண்டு மட்டம் பார்த்து நிரப்பினால், அறை திரும்பும்போது தொட்டி வழியும். கடைசியாகக் கசிவு பார்க்கும் வேலையைப் பெரியவரே செய்தார். அட்டைக் குச்சியோடுதான். இரண்டு நாள் கழித்து நட்டுகளை இன்னொரு தடவை பார்த்தோம், காய்ந்திருந்தது. சொன்ன தேதியில் கிளம்பினார்கள்.

அந்தப் பழைய ஹோஸை வெட்டி இரண்டாகப் பிளந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். துரு எங்கே பிடித்தது, ஓட்டை எவ்வளவு சின்னது என்று கையில் வாங்கிப் பார்க்கலாம். 37, 45 பாகை முனைகளும் ஒவ்வொன்று இருக்கின்றன, திருகிப் பாருங்கள். சாப்பாடு முடிந்ததும் ஒர்க்ஷாப்பில் லேத் பக்கத்து மேசையில் இருப்பேன். மெக்கானிக்கல் இல்லாதவர்களும் வரலாம்.